மோட்டாரும் பெல்ட்டும் புல்லியும்
சொந்தமாக எந்திரம் அமைப்போர் கவனத்திற்கு



தேனி, போடி, சின்னமனூர், கம்பம் என்று நமது பகுதியில் எந்தக் கிட்டங்கிக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். பருப்பு சலிக்கும் சல்லடை, வத்தல் அரைக்கும் மில், எண்ணெய்ச் செக்கு, ஏலக்காய் உரசும் டிரம் என்று பல வகை. இவற்றில் பாதிக்கு மேல் கம்பெனியிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கியவை அல்ல. முதலாளியும் லேத் பட்டறைக்காரரும் வெல்டிங்காரரும் கூடிப் பேசி, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சாமான் வாங்கிச் சேர்த்து உண்டாக்கியவை. ஒரு மோட்டார், இரண்டு மூன்று புல்லி, நாலு பெல்ட், ஒரு ஷாஃப்ட், இரண்டு பேரிங். பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். வாங்கப் போனால்தான் தெரியும்.

நாங்களும் அப்படி ஒன்றைச் சேர்த்தோம். அதற்காக மதுரைக்கு நான்கு முறை பஸ் ஏறினோம். கெட்ட பணத்தையும், பட்ட அவமானத்தையும், கடைசியில் நடந்த ஒரு விபத்தையும் மறைக்காமல் எழுதினால் இன்னொருவருக்கு உதவும் என்றே இக்கட்டுரையை எழுதுகிறோம். சாமான் வாங்குகிறவர்களுக்கு மட்டுமல்ல, ஹார்டுவேர் கடை வைத்து விற்கிற நமது உறுப்பினர்களுக்கும் இதில் சேதி உண்டு.

கரண்டு வந்த கதை

நமது பெரியவர்கள் காலத்தில் அரிசி மில் என்றால் ஆயில் எஞ்சின்தான். கூரைக்குக் கீழே நீளமாக ஒரு ஷாஃப்ட் ஓடும். அதிலிருந்து பட்டை பெல்ட்டுகள் இறங்கி ஒவ்வொரு எந்திரத்தையும் சுற்றும். 1932-ல் பைக்காரா நீர் மின்சாரம் கோயம்புத்தூர்ப் பக்கம் வந்த பிறகு அந்த ஊரில் நூல் மில்களும் வார்ப்படப் பட்டறைகளும் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து நம் நாட்டிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் 1895 முதல் நமது பள்ளத்தாக்கை நனைத்து வந்தாலும், அதே தண்ணீரில் லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்தது 1958-ல்தான். அதன் பின் இந்தப் பக்கத்திலும் எஞ்சின் போய் மோட்டார் வந்தது. ஒரே நீள ஷாஃப்ட் போய், எந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்றாயிற்று.

மோட்டாருக்குக் கோவை, பெல்ட்டுக்கு மதுரை என்பது நமக்கு வாய்த்த வசதி. ஃபென்னர் பெல்ட் ஆலை மதுரைக் கோச்சடையில் இருப்பதை அறியாத மில்காரர் இருக்க முடியாது. இவ்வளவு பக்கத்தில் எல்லாம் இருந்தும் நாம் தவறு செய்கிறோம் என்றால், குறை சரக்கில் இல்லை. என்ன வேண்டும் என்று தெரியாமல் கடைக்குப் போவதில் இருக்கிறது.

எங்கள் டிரம்

1988-ஆம் ஆண்டு. போடியில் எங்களுக்கு ஏலக்காய்க் கிட்டங்கி இருந்தது. உலர்த்திய காயின் நுனியில் காய்ந்த பூமுனையும் அடியில் காம்பும் ஒட்டியிருக்கும். அதை உரசி நீக்கி, சல்லடையில் போட்டு 8 மில்லிமீட்டர், 7 மில்லிமீட்டர் என்று பிரித்தால்தான் விலை. பெண்கள் உட்கார்ந்து கையாலும் சாக்காலும் தேய்ப்பார்கள். ஏலத்துக்கு முதல் நாள் வேலை மலைபோல் குவிந்துவிடும். கம்பெனி எந்திரத்தின் விலையைக் கேட்டு எங்கள் தகப்பனார் "நம்ம ஊரு பட்டறையில ஆகாதா?" என்றார். ஆகும் என்று நாங்கள் ஏற்றுக்கொண்டோம்.

30 அங்குலக் குறுக்களவில் கம்பிவலை டிரம். அதை மெதுவாகச் சுழற்ற வேண்டும். காய்கள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு உரசினால் காம்பு உதிர்ந்து வலை வழியே விழும். இதுதான் திட்டம். டிரம்மை வெல்டிங் பட்டறையில் ஒரு வாரத்தில் செய்து கொடுத்துவிட்டார்கள். பிறகுதான் சாமான் வேட்டை தொடங்கியது.

முதல் தவறு: மோட்டார்

பழைய மோட்டார் ஒன்று, 1 ஹெச்.பி., மலிவாகக் கிடைத்தது. பெயர்ப்பலகை இல்லை. "1440-தான் முதலாளி, கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் விற்றவர். உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்து வந்தோம்.

நமது 50 சைக்கிள் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் சுமை ஏற்றிய நிலையில் நிமிடத்துக்குச் சுமார் 1440 சுற்று ஓடும். இரண்டு துருவ மோட்டார் 2880 சுற்று ஓடும். 1 ஹெச்.பி.யில் இன்றைய அளவுப்படி இரண்டுமே 80 என்ற ஃபிரேமில், 19 மில்லிமீட்டர் ஷாஃப்டோடு வரும். வெளியே நின்று பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. பெயர்ப்பலகை ஒன்றே சாட்சி. அது இல்லாத மோட்டார் பத்திரம் இல்லாத நிலம் மாதிரி.

நாங்கள் போட்ட கணக்கு இது. மோட்டாரில் 3 அங்குலப் புல்லி. நடு ஷாஃப்டில் 15 அங்குலப் புல்லி. 1440-ஐ 3-ஆல் பெருக்கி 15-ஆல் வகுத்தால் 288 சுற்று. நடு ஷாஃப்டின் மறுமுனையில் இன்னொரு 3 அங்குலப் புல்லி. அதிலிருந்து டிரம்மின் ஓரத்து இரும்பு வளையத்தையே சுற்றி ஒரு பெல்ட். 288-ஐ 3-ஆல் பெருக்கி 30-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 29 சுற்று. கணக்கு சரி.

ஓட்டினோம். டிரம் சர்ரென்று சுற்றியது. பார்க்க அழகாக இருந்தது. அரை மணி கழித்துத் திறந்தால் காம்பு போட்டபடியே இருந்தது. செம்பில் தண்ணீர் ஊற்றி வேகமாகச் சுழற்றினால் தண்ணீர் கீழே விழாது அல்லவா? அதுபோலக் காய்கள் வலையோடு ஒட்டிக்கொண்டு டிரம்மோடு சேர்ந்து சுற்றியிருக்கின்றன. புரளவுமில்லை, உரசவுமில்லை. மோட்டாரை நிறுத்தும்போது உச்சியிலிருந்து விழுந்து பல காய்கள் வாய் பிளந்துபோயின. அந்த மூட்டையை முதல் தரத்தில் சேர்க்க முடியவில்லை.

ரகசியத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் லேத் பட்டறைப் பெரியவர். டிரம்மில் சாக்பீசால் ஒரு கோடு போட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எண்ணினார். 57 சுற்று. "தம்பி, 29 வர வேண்டிய இடத்தில் 57 வருது. சரியா ரெண்டு மடங்கு. உங்க மோட்டார் 2880" என்றார். இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை. சாமான் வாங்கிய இடத்திலேயே யாராவது செய்து காட்டியிருந்தால் ஒரு மூட்டைக் காய் பிழைத்திருக்கும். விற்றவர் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார். 2880 ஓடும் மோட்டார் தண்ணீர்ப் பம்புக்கு நன்றாகப் பொருந்தும் என்பதால் ஒரு தோட்டக்காரருக்கு நஷ்டத்தில் தள்ளிவிட்டு, பெயர்ப்பலகையுள்ள வேறு மோட்டார் வாங்கினோம்.

இதில் நாங்கள் கற்றது: கணக்கைக் கடைசிச் சக்கரத்திலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். முதலில் சரக்குக்கு எத்தனை சுற்று வேண்டும் என்று முடிவு செய்து, அதன் பிறகே புல்லி, அதற்கும் பிறகே மோட்டார். கையில் கிடைத்த மோட்டாருக்கு எந்திரம் தேடுவது செருப்புக்காகக் காலை வெட்டுவது போன்றது.

இரண்டாம் தவறு: ஒரு மில்லிமீட்டர்

புல்லி வாங்க மதுரைக்குப் போனோம். "ஷாஃப்ட் எத்தனை?" என்று கடைக்காரர் கேட்டார். "20 இருக்கும்" என்றோம். 20 துளையிட்ட வார்ப்படப் புல்லியைக் கொடுத்தார். ஊருக்கு வந்து மாட்டினால் ஆடுகிறது. ஷாஃப்ட் 19. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தகரத்தை மடித்துச் சொருகினோம். இரண்டு நாளில் புல்லி தள்ளாடிப் பெல்ட்டின் ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டது. கீயும் தேய்ந்து சாவிப்பள்ளம் அகன்றுவிட்டது. மறுபடி மதுரை.

விவரம் தெரிந்தவர்கள் துளையிடாத புல்லியை வாங்கி வந்து, ஷாஃப்டைக் கையில் கொடுத்து உள்ளூர் லேத்தில் துளை போட்டுக்கொள்வார்கள். அல்லது வெர்னியர் வைத்து அளந்து எழுதிப் போவார்கள். அளவுகோல் வைத்துப் பார்த்தால் 19-க்கும் 20-க்கும் வித்தியாசம் தெரியாது. பழைய மோட்டார்களில் அங்குலக் கணக்கு ஷாஃப்டும் உண்டு என்பதால் இன்னும் கவனம் தேவை.

பேரிங்கில் இந்தச் சங்கடம் குறைவு. 6205 என்றால் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்குங்கள், உள்துளை 25 மில்லிமீட்டர். 6206 என்றால் 30. காலோடு வரும் பிளாக்கும் அப்படியே. யூ.சி.பி. 205 என்றால் 25 மில்லிமீட்டர் ஷாஃப்டுக்கு. 04 முதல் மேலுள்ள எண்களுக்கு இந்தக் கணக்கு சரிவரும். எண்ணைச் சொன்னால் எந்த ஊர்க் கடையிலும் அதே பொருள் கைக்கு வரும். நடு ஷாஃப்டுக்கு 25 பிரைட் ராடும் இரண்டு 205 பிளாக்குகளும் வாங்கினோம். அது ஒன்றுதான் முதல் தடவையே சரியாக வாங்கிய சாமான்.

மூன்றாம் தவறு: பெல்ட்டின் எண்

வீ பெல்ட்டில் ஏ, பி, சி என்பது அகலம். ஏ பெல்ட்டின் மேல் அகலம் 13 மில்லிமீட்டர், கனம் 8. பி என்றால் 17-க்கு 11. சி என்றால் 22-க்கு 14. எழுத்துக்குப் பின்னால் வரும் எண் பெல்ட்டின் உள்சுற்று நீளம், அங்குலத்தில். இங்கேதான் நாங்கள் விழுந்தோம். இரண்டு புல்லியின் வெளி ஓரத்தையும் சுற்றிக் கயிறு கட்டி அளந்தால் 78 அங்குலம் வந்தது. ஏ 78 வாங்கி வந்தோம். தொங்கியது. கயிறு அளந்தது வெளிச்சுற்று. பெல்ட்டின் எண்ணோ உள்சுற்று. ஏ பெல்ட்டுக்கு இரண்டு அங்குலம் கழித்து ஏ 76 வாங்கியிருக்க வேண்டும். பி பெல்ட்டுக்கு இரண்டே முக்கால் அங்குலம் கழிக்க வேண்டும். மோட்டாரின் காலடியில் நீள் துளை விட்டு, முன்னும் பின்னும் நகர்த்த இடம் வைத்திருந்தால் சிறு வித்தியாசத்தைச் சமாளிக்கலாம். நாங்கள் போல்ட்டை இறுக்கி சிமெண்டையும் போட்டு வைத்திருந்தோம்.

வீ பெல்ட் பள்ளத்தின் அடியில் உட்காரக் கூடாது. இரண்டு பக்கச் சுவரையும் கவ்வித்தான் அது இழுக்கிறது. பள்ளம் தேய்ந்து பெல்ட் அடியைத் தொட்டால் வழுக்கும். அப்போது புது பெல்ட் போட்டுப் பயனில்லை, புல்லியைத்தான் மாற்ற வேண்டும். வழுக்குகிறது என்று குங்கிலியப் பொடி தூவுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். அது பட்டை பெல்ட் காலத்துப் பழக்கம், வீ பெல்ட்டுக்கு ஆகாது. எண்ணெயும் ஆகாது. சின்னப் புல்லிக்குத் தடித்த பெல்ட் ஆகாது. ஏ பெல்ட்டுக்கு 3 அங்குலத்துக்கும், பி பெல்ட்டுக்கு 5 அங்குலத்துக்கும் குறையாமல் புல்லி இருந்தால் பெல்ட் மடங்கி வெடிக்காது. இரட்டைப் பள்ளப் புல்லியில் ஒரு பெல்ட் போனால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பழையது நீண்டிருக்கும், சுமை முழுவதையும் புதியதே தூக்கும்.

இறுக்கம் எவ்வளவு? இரண்டு புல்லிக்கும் நடுவே பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்துங்கள். இடைவெளி 24 அங்குலம் என்றால் ஒரு சென்டிமீட்டர் அளவு இறங்கலாம். கல்லாக இறுக்கினால் பேரிங் போகும். தளர்ந்தால் பெல்ட் போகும்.

பெல்ட்டில் போலியும் உண்டு. மேலே நல்ல பெயர் அச்சிட்டிருக்கும், உள்ளே நூல் இருக்காது. ரசீது தராத கடையில் விலை குறைவு என்று வாங்கினால், ஏலத்துக்கு முதல் நாள் இரவில்தான் அது அறுந்துபோகும். ஒவ்வொரு எண்ணிலும் ஒரு உபரி பெல்ட்டை ஆணியில் தொங்கவிடாமல், வெயில் படாத இடத்தில் சுருட்டி வைத்திருப்பதே காப்பீடு.

மாலை நேர வோல்டேஜ்

ஒரு சேதியை இடையில் சொல்ல வேண்டும். வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரின் இழுவிசை அதைவிட வேகமாகக் குறையும். வோல்டேஜ் பத்தில் எட்டுப் பங்கானால் இழுவிசை நூற்றுக்கு 64 பங்குதான் நிற்கும். மாலையில் ஊர் முழுவதும் விளக்கு எரியும் நேரத்தில் நிறைந்த டிரம்மைக் கிளப்பப் பார்த்தால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும், காயில் கருகும். வெறும் டிரம்மை ஓடவிட்டுப் பிறகு சரக்கைப் போடும்படி வாய் அமைப்பது நல்லது.

பட்டியலில் இல்லாத பொருள்

மோட்டார், புல்லி, பெல்ட், ஷாஃப்ட், பிளாக், ஸ்விட்ச், போல்ட் என்று ஏழு பொருளை ஒரு காகிதத்தில் எழுதியிருந்தோம். எட்டாவது ஒன்று இருந்தது. அதை எழுதவில்லை.

எந்திரம் நன்றாக ஓடத் தொடங்கிய இரண்டாம் மாதம், டிரம்முக்குக் கீழே உதிர்ந்த காம்பைக் கூட்ட ஒரு அம்மாள் குனிந்தார். எங்களிடம் பல வருடம் வேலை செய்தவர். நடு ஷாஃப்டிலிருந்து டிரம்முக்குப் போகும் பெல்ட்டில் சேலை முந்தானை சிக்கிக்கொண்டது. இழுத்த வேகத்தில் கையும் போனது. மோட்டார்ப் பக்கத்துப் பெல்ட் சரியாக இறுக்கப்படாமல் தளர்ந்திருந்ததால் அது வழுக்கிக் கழன்றது, டிரம் நின்றது. எங்கள் அலட்சியம்தான் அன்று அவர் உயிரைக் காப்பாற்றியது என்பதை இன்றும் வெட்கத்தோடுதான் எழுதுகிறோம். மணிக்கட்டு எலும்பு முறிந்து மூன்று மாதம் கட்டோடு இருந்தார்.

வைத்தியச் செலவையும் கூலியையும் கொடுத்தோம். அது பெரிய காரியமல்ல, கடமை. பார்க்கப் போன அன்று அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஒரு வலையடிச்சு மாட்டியிருந்தா இம்புட்டு ஆகியிருக்காதே மொதலாளி" என்று மட்டும் சொன்னார். அரை நாள் வேலை, மிச்சமிருந்த கம்பிவலையில் ஒரு துண்டு. டிரம்முக்கு வாங்கிய அதே வலை கிட்டங்கி மூலையில் சுருண்டு கிடந்தது.

எந்திரத்தின் சுழலும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்பது புதிதாக யாரும் கண்டுபிடித்ததல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 21-ஆம் பிரிவிலேயே அதை எழுதி வைத்தது. ஓடும் எந்திரத்தில் கை வைப்பவர் உடை இறுக்கமாக இருக்க வேண்டும் என்று அடுத்த பிரிவு சொன்னது. கம்பெனி எந்திரம் தகரப் பெட்டிக்குள் ஓடுவதற்குக் காரணம் அதுதான். நாம் சொந்தமாகச் சேர்க்கும்போது இழுப்பதற்கு வேண்டியதை எல்லாம் வாங்குகிறோம், மறைப்பதற்கு வேண்டியதை மறந்துவிடுகிறோம். நம்முடையது சிறு கிட்டங்கி, சட்டம் நம்மைத் தொடாது என்று சொல்லலாம். பெல்ட் ஆள் பார்த்துச் சிக்குவதில்லை.

வாங்குவோரும் விற்போரும்

எந்திரம் சேர்க்க நினைப்பவர் கடைக்குப் புறப்படும் முன் ஒரு தாளில் இவ்வளவும் எழுதட்டும்: கடைசிச் சக்கரம் நிமிடத்துக்கு எத்தனை சுற்று, மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஹெச்.பி.யும் சுற்றும், ஷாஃப்டின் மில்லிமீட்டர் அளவு, இரண்டு ஷாஃப்டுக்கும் இடைவெளி, புல்லிகளின் குறுக்களவு, பெல்ட்டின் எழுத்தும் எண்ணும், பேரிங் எண். ஏழுக்கும் மேலே, முதல் வரியாக, தடுப்பு வலை.

ஹார்டுவேர் கடை நடத்தும் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். "ஏ 78 ஒண்ணு" என்று ஒருவர் கேட்டால் எடுத்துக் கொடுத்துவிடுவது சுலபம். "கயிறு வைத்து அளந்தீர்களா, பழைய பெல்ட்டின் எண்ணைப் பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் அவருக்கு ஒரு பயணம் மிச்சம், உங்களுக்கு ஒரு வாடிக்கை நிச்சயம். நான்காம் முறை நாங்கள் போன மதுரைக் கடைக்காரர் அப்படிக் கேட்டவர். அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் வேறு கடை ஏறவில்லை. இன்று போனிலேயே படம் அனுப்பி, பார்சலில் சாமான் வந்துவிடுகிறது. 2010 கடைசியில் நின்றுபோன போடி ரயிலும் 2023-ல் திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டது. வழி சுருங்கிவிட்டது. ஆனால் தவறான எண்ணைச் சொன்னால் தவறான பொருள்தான் வரும், இன்னும் வேகமாக வரும், அவ்வளவே.

அந்தப் பழைய டிரம் 2009 வரை உழைத்தது. வலை மாட்டிய பிறகு அதனால் ஒரு நகம்கூடப் பெயரவில்லை. கை முறிந்த அம்மாள் திரும்ப வந்து அதே எந்திரத்தின் பக்கத்தில் பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். வேலை தொடங்கும் முன் வலையின் கொக்கியைத் தொட்டுப் பார்க்காமல் அவர் ஸ்விட்சைப் போடவிட்டதில்லை.

ஆகவே விற்பவர்களே, அடுத்த முறை மோட்டாரும் புல்லியும் பெல்ட்டும் ஒருவர் சேர்த்து வாங்கினால், கூடவே நான்கு சதுர அடி கம்பிவலையையும் எடுத்து மேசைமேல் வையுங்கள். அவர் கேட்காவிட்டாலும் வையுங்கள். அதுவும் வியாபாரம்தான்.